ரப்பரைப் படிக்கவும் ஒரு பட்டமா? பொருளறிவியலில் முதுகலை, முனைவர் கல்வி: ஒரு விளக்கம்

("பட்டம் பெற்ற பின் என்ன?" எனும் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பொருளறிவியல் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் இடம்பெறுகிறது.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு படிப்பு. மருத்துவம் என்றால் எல்லாருக்கும் தெரியும். சட்டம் என்றால் தெரியும். பொருளறிவியல் என்று சொன்னால், "ஓ, பொருளாதாரமா? பேங்கில் வேலையா?" என்று கேட்பார்கள். அது பொருளியல். இது வேறு. இரும்பு, கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக், சிமெண்டு, சிலிக்கன் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களைப் பற்றிய படிப்பு இது. ஒரு பொருள் ஏன் வளைகிறது, ஏன் உடைகிறது, ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படி மாற்றினால் நமக்குப் பயன்படும் என்று ஆராய்வதே இதன் வேலை.

நான் முதுகலைக்கு ரப்பர் ஆய்வைத் தேர்ந்தெடுத்தபோது, தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய என் தாயார் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. "ரப்பர் வெட்டக் கூடாதுன்னுதானே உன்னைப் படிக்க வச்சோம். இப்ப ரப்பரையே படிக்கப் போறேன்னு வந்து நிக்கிறியே ஐயா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இன்றைய உரையை அந்தப் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மங்கில் விழும் பாலிலிருந்து தொடங்குவோம்

மரத்தை வெட்டியதும் மங்கில் சொட்டும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட்டாக இழுத்து, புகைபோட்டுக் காயவைப்பதை நம் பெற்றோர் நன்கு அறிவார்கள். ஆனால் அந்த ஷீட்டை அப்படியே டயராகப் போட முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும். 1839-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டறிந்தார்.

ஏன் நீங்குகிறது? ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூல்களைப் போன்றவை. தட்டில் குவித்த மீகூனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். கந்தகம் அந்த நூல்களுக்கிடையே ஆங்காங்கே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்த பிறகு, இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். முடிச்சு குறைந்தால் பிசுபிசுப்பு, அதிகமானால் கல்லைப் போன்ற கடினம். எத்தனை முடிச்சு, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று அறிந்து செய்வதுதான் பொருளறிவியல்.

இந்தத் துறையில் நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பொருளின் உள் அமைப்பு, அதைத் தயாரிக்கும் முறை, அதன் பண்பு, பயன்பாட்டில் அது காட்டும் செயல்திறன். இந்த நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். பென்சில் முனையில் இருப்பதும் கரிமம், வைரமும் கரிமம். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு. ஒன்று காகிதத்தில் தேய்கிறது, மற்றொன்று கண்ணாடியை அறுக்கிறது.

பாலத்துக்கு அடியில் ரப்பர்

நம் நாட்டு ரப்பர் டயரோடும் கையுறையோடும் நின்றுவிடவில்லை. 1925-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும், இங்கிலாந்தில் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்கள் நடத்திய ஆய்வுக்கூடமும் பல பத்தாண்டுகளாக இந்தப் பொருளை ஆராய்ந்து வந்தன. அதன் பலன்களில் ஒன்று நிலநடுக்கத்தைத் தாங்கும் ரப்பர்த் தாங்கி. ரப்பர்ப் படலங்களையும் எஃகுத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி ஒட்டியிருப்பார்கள். மேலிருந்து வரும் பாரத்தை எஃகு தாங்க உதவும். தரை பக்கவாட்டில் ஆடும்போது ரப்பர் வளைந்து கொடுத்து, அந்த ஆட்டம் முழுமையாகக் கட்டடத்துக்குப் போகாமல் தடுக்கும்.

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ராஞ்சோ குகமோங்கா எனும் ஊரில் கட்டி முடிக்கப்பட்ட நீதிமன்றக் கட்டடம் இப்படிப்பட்ட 98 தாங்கிகளின்மேல் நிற்கிறது. அந்த நாட்டில் இந்த முறையில் எழுப்பப்பட்ட முதல் கட்டடம் அது. அதற்கான இயற்கை ரப்பர்க் கலவையை உருவாக்கியது மேலே சொன்ன மலேசிய ஆய்வுக்கூடம். 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கு இரண்டாவது பாலத்திலும் இத்தகைய இயற்கை ரப்பர்த் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன.

பாலம் திறந்த மறுமாதம் என் தாயாரைக் காரில் அழைத்துச் சென்று காட்டினேன். "இதுக்குக் கீழேயா ரப்பர் இருக்கு?" என்று இரண்டு முறை கேட்டார். அதன் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

பொருள் தோற்றால் உயிர் போகும்

இந்தப் படிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டன் நோக்கிப் பல நகரங்களில் நின்று சென்ற 'காமெட்' ரக ஜெட் விமானம், ரோம் நகரிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே நடுவானில் உடைந்து கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 8-ஆம் தேதி, அதே ரக விமானம் இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே விழுந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். விமானம் மேலே ஏறும்போது உள்ளழுத்தத்தால் அதன் உடல் சற்றே விரியும். இறங்கும்போது சுருங்கும். தண்ணீரை உள்ளே அழுத்தி, அந்த விரிதலையும் சுருங்குதலையும் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தனர். அந்த விமானம் ஏற்கெனவே பறந்தவற்றையும் சேர்த்து, 3,057 முறை ஆனதும் உடல் பிளந்தது. திறப்பு ஒன்றின் மூலையில் தொடங்கிய சிறு விரிசல்தான் காரணம்.

ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் உடையாது. இப்படியும் அப்படியுமாகப் பல முறை வளைத்தால் பட்டென்று உடைந்துவிடும். இதை உலோகக் களைப்பு என்பார்கள். மனிதருக்கு வரும் களைப்பு தூங்கி எழுந்தால் தீரும். உலோகத்துக்கு வரும் களைப்பு தீராது, சேர்ந்துகொண்டே போகும்.

இந்தக் களைப்பைப் பற்றி உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் நூல்களில் ஒன்றை எழுதியவர் சுப்ரா சுரேஷ். சென்னை ஐஐடியில் 1977-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று, 1981-இல் எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர். 2018 முதல் 2022 வரை சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் முதல் பட்டத்தை வேறு துறையில் பெற்றவர் என்பதைக் கவனியுங்கள்.

ஈய லம்பமும் கணினிச் சில்லும்

ரப்பரைப் போலவே நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட இன்னொரு பொருள் வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972 முதல் கணினிச் சில்லுகளைப் பொருத்தும் தொழில் நடந்து வருகிறது. சில்லைப் பலகையோடு ஒட்டும் சோல்டரில் முன்பு வெள்ளீயமும் காரீயமும் கலந்திருந்தன. காரீயம் உடலுக்கு நஞ்சு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் அதற்குத் தடை விதித்தது.

தடை விதிப்பது எளிது. மாற்றுப் பொருளை யார் கண்டுபிடிப்பது? வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் சிறிதளவு சேர்ந்த கலவை வந்தது. பழைய கலவை 183 டிகிரி செல்சியசில் உருகும். புதியது உருக ஏறக்குறைய 217 டிகிரி தேவை. 34 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சூட்டில் பலகை வளையலாம், பக்கத்திலுள்ள பாகங்கள் கெடலாம். அதோடு, கைப்பேசி சூடாகும்போது சிலிக்கன் குறைவாகவும் பலகை அதிகமாகவும் விரியும். இடையில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன சோல்டர்ப் புள்ளி தினமும் இழுபடும். காமெட் விமானத்துக்கு நேர்ந்த அதே களைப்பு, கடுகளவு புள்ளியில் நடக்கிறது. இதை ஆராய்ந்து சரிசெய்ய முதுகலை, முனைவர் படிப்பு முடித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் மலேசிய அரசாங்கம் அறிவித்த தேசிய அரைக்கடத்தி வியூகத் திட்டத்தில், 60,000 உள்நாட்டுப் பொறியாளர்களுக்குப் பயிற்சியளிப்பது ஓர் இலக்கு. அந்த வரிசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கப் போகிறார்கள்?

யார் படிக்கலாம்? எப்படிப் படிக்கலாம்?

இனி நடைமுறை விஷயங்களுக்கு வருவோம். பொருள் பொறியியல் பட்டதாரிகள் மட்டுமல்லாமல், இயற்பியல், வேதியியல், இயந்திரப் பொறியியல், இரசாயனப் பொறியியல் படித்தவர்களும் இத்துறையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் பினாங்கு, நிபோங் திபால் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனிப் பள்ளியே நடத்துகிறது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், பெர்லிஸ் மாநிலத்திலுள்ள மலேசிய பெர்லிஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் வாய்ப்புண்டு. சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இத்துறைக்குப் பெயர் பெற்றவை. அங்கே 1997-இல் அமைக்கப்பட்ட பொருள் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றும் இயங்குகிறது.

முதுகலையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வகுப்பில் பாடம் படித்துத் தேர்வெழுதுவது. இரண்டாவது, முழுக்க ஆய்வு செய்து ஆய்வேடு எழுதுவது. மூன்றாவது, இரண்டும் கலந்தது. வேலையில் இருந்துகொண்டே அறிவைக் கூட்டிக்கொள்ள விரும்புவோருக்கு முதல் வழி பொருந்தும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். பின்னாளில் முனைவர் பட்டம் வரை போக நினைப்போருக்கு இரண்டாவது வழியே ஏற்றது. பொதுவாக முதல் பட்டத்தில் 2.75 சராசரிப் புள்ளி கேட்பார்கள். அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். தனிப்பட்ட மதிப்பீட்டின்பேரில் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இயற்பியல் பட்டதாரி ஒருவர் பொருள் பொறியியலில் முதுகலை முடித்துவிட்டால், அவர் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தப் பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பொறியியல் பட்டம்தான் அடிப்படை. அறிவியல் பட்டதாரிகளுக்கு வேறு கதவு இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். சேருவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பெற்றோர்களே, இந்தப் பகுதியைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விட்டுவிட்டு மூன்று ஆண்டு முனைவர் ஆய்வுக்குப் போனால், விட்ட சம்பளம் 108,000 ரிங்கிட். ஊழியர் 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு என்று சேமநிதியில் சேர வேண்டிய தொகை மாதம் 720 ரிங்கிட். அதில் ஊழியரின் பங்கு சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். முதலாளி போட வேண்டிய 390 ரிங்கிட்டை மட்டும் கணக்கில் எடுத்தாலும், மூன்றாண்டில் 14,040 ரிங்கிட் கைவிட்டுப் போகிறது. கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையை இதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். மீதி வருவதுதான் உண்மையான செலவு. பிடிபிடிஎன் கடன் இருந்தால், மேற்படிப்பைக் காரணம் காட்டி ஒத்திவைப்புக் கேட்க மறக்காதீர்கள்.

உதவித்தொகை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பல மாணவர்களுக்கு அது பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. மானியத்துக்குக் கால வரம்பு உண்டு. மாணவர் முடிக்கும் முன்பே மானியம் முடிந்துவிட்டால், கடைசி மாதங்களில் கையில் காசு இருக்காது. என் நண்பர் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு, இரவில் டியூஷன் சொல்லிக்கொடுத்து, ஆய்வேட்டை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதலாக எடுத்துக்கொண்டார். குறை அவருடைய அறிவில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைத் தொடக்கத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்.

ஆகவே, சேரும் முன் மேற்பார்வையாளரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மானியம் எந்த மாதம் முடிகிறது? முடிந்தபின் என்ன ஏற்பாடு? எனக்கு வேண்டிய கருவிகள் இந்த வளாகத்திலேயே உள்ளனவா, வெளியில் கட்டணம் கட்டிப் பயன்படுத்த வேண்டுமா? உங்களிடம் இதுவரை படித்த மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல பேராசிரியர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பிறகு அவருடைய மாணவர்கள் இருவரைத் தனியே சந்தித்து, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, அதே கேள்விகளைக் கேளுங்கள்.

வெளிநாட்டு உதவித்தொகை கிடைத்தால், அதில் பிணைக்கால நிபந்தனை இருக்கிறதா என்பதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எட்டு மாதம் வீணான கதை

ஆய்வுக்கூட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மாதிரி தயாரிப்பது, அடுப்பில் வைப்பது, இழுத்து உடைப்பது, மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பது, எழுதிவைப்பது. நூறு முறை இதையே செய்ய வேண்டும்.

என் முதல் எட்டு மாத முடிவுகள் முழுவதும் குப்பைக்குப் போயின. இழுத்துப் பொருத்திவைத்த ரப்பர் மாதிரிகளில் எதிர்பாராத விரிசல்கள் வந்துகொண்டே இருந்தன. கலவையை மாற்றினேன். சூட்டை மாற்றினேன். பயனில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. மாதிரிகளை நான் அடுக்கிவைத்த மேசைக்குப் பக்கத்தில், பொறி பறக்கும் பழைய மின்மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மின்பொறியால் ஓசோன் வாயு உண்டாகும். இழுபட்ட நிலையிலுள்ள இயற்கை ரப்பரை ஓசோன் தாக்கினால் விரிசல் விழும். இது பாடப்புத்தகத்தில் உள்ள செய்திதான். நான் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். ஆனால் என் மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று தொழிற்சாலையில் ஒரு பொருள் உடைந்து வந்தால், முதலில் அது வைக்கப்பட்டிருந்த இடத்தைப் போய்ப் பார்க்கிறேன். என் முதலாளி இந்தப் பழக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார் என்று நினைக்கிறேன்.

யார் போக வேண்டாம்?

வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மேற்படிப்புக்குப் போகாதீர்கள். மூன்று ஆண்டு கழித்து அதே கவலை திரும்பி வரும். வயதும் கூடியிருக்கும். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள மட்டும் போகாதீர்கள். குடும்பத்துக்கு உங்கள் சம்பளம் இன்றே தேவை என்றால், முதலில் வேலைக்குப் போங்கள். தொழிற்சாலையில் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டுப் பகுதி நேரமாகப் படிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதா? ஒரே சோதனையை இருபதாவது முறை செய்யவும் பொறுமை உண்டா? அப்படியானால் தயங்காமல் போங்கள். பெற்றோர்களும், "இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று தொடக்கத்திலேயே தடுத்துவிடாமல், மேலே சொன்ன கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

படிவம் ஐந்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகிய மூன்றையும் கைவிடாதீர்கள். இவற்றை விட்டுவிட்டால் பிறகு இந்தப் பக்கம் வருவது மிகவும் கடினம்.